அடகு வைத்த நிலத்துக்கு 30 ஆண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழை, எல்லை தாண்டிக் கேரளத்துக்கு வருவதால் வழக்கம்போல் திங்கட்கிழமைதான் படித்தேன். சட்டக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு பெண் எழுதியிருந்தார். 2014-இல், எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, டியூஷன் ஆசிரியர் தன்னிடம் பல மாதங்கள் தகாத முறையில் நடந்துகொண்டார், இப்போது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா என்பது கேள்வி. தங்கள் வழக்கறிஞர் மூன்று வரியில் முடித்துவிட்டார். காலவரையறை முடிந்துவிட்டதாம். உலகமெங்கும் இதுதான் நடைமுறையாம். மூன்றாவது வரி: "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

இந்த மூன்றாவது வரிதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

நான் 34 ஆண்டுகள் ஆதாரம் (தங்கள் ஊரில் பத்திரம்) எழுதிப் பிழைத்தவன். எந்தக் கோரிக்கைக்கு எத்தனை ஆண்டு என்பது எனக்கு வாய்ப்பாடு மாதிரி. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கைவிட்டுப் போன நிலத்தின் சுவாதீனத்தை (கைவசத்தை)க் கேட்க 12 ஆண்டு. அடகு வைத்த நிலத்தை மீட்க 30 ஆண்டு. அரசாங்கமே வழக்குப் போடுவதாக இருந்தால் அதற்கும் 30 ஆண்டு. அரசாங்கத்துக்குப் பாவம், ஞாபகமறதி அதிகம். குழந்தையாக இருந்தபோது சிதைக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்க மூன்றே ஆண்டு. மைனர் என்பதற்காகக் காட்டும் சலுகை, அந்த மூன்றை 18 வயது முடிந்ததிலிருந்து எண்ணுவார்கள் என்பது மட்டும். 21-ஆவது பிறந்தநாளோடு கதவு சாத்தப்படும். மேல்முறையீட்டில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க ஐந்தாம் பிரிவு இருக்கிறது. மூல வழக்குக்கு அதுவும் கிடையாது. எதிராளி வாயே திறக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிமன்றமே தள்ளிவிட வேண்டும் என்கிறது மூன்றாம் பிரிவு. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

"உலகமெங்கும்" என்றாரே, எந்த உலகம்? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா 2015-இலும் நியூ சவுத் வேல்ஸ் 2016-இலும் இத்தகைய வழக்குகளுக்குக் கால எல்லையையே எடுத்துவிட்டன. ஸ்காட்லாந்து 2017-இல் எடுத்தது. நியூயார்க்கில் 55 வயது வரை போடலாம். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே அமைத்த அரச விசாரணை ஆணையம் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டுச் சொன்னது: நடந்ததை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டு ஆகியிருக்கிறது.

எனக்கு 41 ஆண்டு ஆனது.

11 வயதில், 1974-இல். அவர் ஊரில் பெரிய மனிதர். எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா எழுந்து நிற்பார். அதற்குமேல் எழுத விருப்பமில்லை. முதன்முதலாக என் மனைவியிடம் சொன்னபோது எனக்கு 52 வயது. அவள் கேட்ட முதல் கேள்வியும் ஏறக்குறைய தங்கள் வழக்கறிஞர் கேட்டதுதான். ஆனால் கேட்டுவிட்டு அழுதாள்.

இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், அவருடைய பாகப்பிரிவினை ஆதாரத்தையே எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து காப்பி கேட்டார். கொடுத்தேன். நான்கு எல்லையும் தவறில்லாமல் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். இன்று அவர் இல்லை. எனக்கு வழக்கும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

ஆனால் கடிதம் எழுதிய அந்தப் பெண்ணின் விஷயம் வேறு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அவருக்கு நடந்தது அதற்குப் பிறகு. பாதிக்கப்பட்டவர் எந்த வயதிலும் புகார் கொடுக்கலாம் என்று 2018-இல் மத்திய அரசே தெளிவுபடுத்தியது. சிறுவயதில் நடந்ததைச் சொல்லிச் சென்னையில் புகார் கொடுக்க முயன்று, முடியாமல் போன ஒரு பெண் அறிவியலாளர் கனடாவிலிருந்து எழுப்பிய குரல்தான் அதற்குக் காரணம். புகாரை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றமே இழப்பீடும் வழங்க உத்தரவிடலாம். சிவில் வழக்குக்குக் காலம் முடிந்தது என்று சொன்னவர், இந்தக் கதவு திறந்திருக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இடம் போதாமல் போயிருக்குமா? அதே பக்கத்தில் பாதியை நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுத்திருந்தீர்கள்.

எங்கள் பக்கத்துச் செய்தி என்றால் தங்களுக்கு எப்போதுமே இடம் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்கள் என்ன ஆயின என்று இன்றுவரை தெரியாது. ஆளியாற்றுத் தண்ணீர் பற்றி எழுதியதை மட்டும் போட்டீர்கள், பாதியை வெட்டிவிட்டு, அதன் அடியில் "கோவை மாவட்டம்" என்று போட்டு. இங்கே அரசு அலுவலகத்துக்குப் போனால் மலையாளத்தில் எழுதிக் கொண்டுவா என்கிறார்கள். தங்களிடம் தமிழில் எழுதினால் ஊரையே மாற்றிவிடுகிறீர்கள். காவல் நிலையத்தில் நாக்கு எழாத விஷயத்தை, அடுத்தவர் மொழியில் ஒரு 13 வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும் என்று யாராவது யோசித்தார்களா?

நான் கேட்பது சிறியது. அடுத்த ஞாயிறு அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், புகார் கொடுக்க அந்தப் பெண்ணுக்குக் காலம் கடந்துவிடவில்லை என்று போடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்குக் கட்டணமில்லாமல் வழக்கறிஞர் கிடைப்பார் என்பதையும் சேருங்கள். அந்த மூன்றாவது வரிக்கு வருத்தம் தெரிவிக்கத் தங்கள் வழக்கறிஞருக்கு மனமிருந்தால் தெரிவிக்கட்டும், நான் எதிர்பார்க்கவில்லை.

என் பெயரைப் போட வேண்டாம். ஊரைப் போடலாம். கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆதார எழுத்தர் ஒருவர்