கருத்துக் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதியோர் பராமரிப்புச் சேவைகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

சேவைகளை மாற்றும் முன் முதியவர்களிடமும் பராமரிப்பாளர்களிடமும் கருத்துக் கேட்கப் போகிறீர்கள். நல்லது. இதைச் சலுகையாக மட்டும் நினைக்க வேண்டாம். தங்கள் நலனைத் தொடும் கொள்கைகளை வகுப்பதில் முதியவர்களுக்குப் பங்கு வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1991லேயே சொல்லிவிட்டது.

எப்படிக் கேட்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை. முதியோர் இல்லத்துக் கூடத்தில் நாற்காலி போட்டு, மேலாளர் பக்கத்தில் நிற்க, "வசதியெல்லாம் எப்படி?" என்று கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும். அங்கே இருக்கும் முதியவர் வேறென்ன சொல்வார்? இன்று ராத்திரி கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வேண்டியவர்கள் அதே இல்லத்து ஆட்கள்தானே! குறை சொன்னால், அப்புறம் மணி அடித்தாலும் யாரும் சீக்கிரம் வரமாட்டார்களோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பதிலை 'திருப்தி' என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இல்லத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர், அறைக்கதவைச் சாத்திவிட்டு, உட்கார்ந்து பேசட்டும். காலையில் எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள், அந்த நேரத்தை முடிவு செய்வது யார், குளிப்பாட்டும்போது கதவு மூடியிருக்கிறதா என்று கேட்கட்டும். கேட்கும் முன் காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

மறதி நோய் உள்ளவரை விட்டுவிட்டு மகனிடம் படிவத்தை நீட்டுவது இன்னொரு வழக்கம். பேச்சு குறைந்த பலர், படங்களைக் காட்டினால் பிடித்ததையும் பிடிக்காததையும் சுட்டிக்காட்டிவிடுவார்கள். நேரம்தான் கூடுதலாகும்.

பராமரிப்பாளர் தரப்பில் நிர்வாகிகள் வந்து செலவுக் கணக்கைச் சொல்வார்கள். சரி, அதுவும் வேண்டியதுதான். ஆளைத் தூக்கித் தூக்கி முதுகு போன இரவு ஷிஃப்ட் பணியாளரையும் கூப்பிடுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள். கணவரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் அழைப்பு அனுப்புவீர்கள். அவர் கூட்டத்துக்கு வந்தால் வீட்டில் யார் இருப்பது? அதற்கும் ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

கேட்டால் சொல்ல ஆளிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பை விசாரிக்கவென்றே அமைத்த ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழுவுக்கு 10,000க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்து குவிந்தன. 2021இல் வந்த இறுதி அறிக்கையில் 148 பரிந்துரைகள்.

கடைசியாக ஒன்று. எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சடித்து, கருத்துச் சொன்ன ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அதற்கான தேதியைக் கூட்டத்துக்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பணியாளர் ஒருவர்