ஏரிக்கரையில் இரண்டு கிலோமீட்டர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காட்பாடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவன் நான். கடையை மூடிப் பல வருடமாகிறது, ஸ்பேனரை மட்டும் கைவிடவில்லை. போன மாதம் ஏழு வயதுப் பேத்திக்கு என் மகன் ஒரு சின்ன சைக்கிள் வாங்கி வந்தான். சரி, எங்கே ஓட்டுவது? தெருவில் ஆட்டோ, மெயின் ரோட்டுக்குப் போனால் சித்தூர் லாரி. பாலாறு அகலமாகத்தான் கிடக்கிறது, ஆனால் மணலில் சக்கரம் உருளாதே!

என் கடையில் அரை வண்டி (சின்ன சைக்கிள்) எடுத்த பிள்ளைகள் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அரை மணியிலேயே முட்டியைச் சிராய்த்துக்கொண்டு திரும்புவார்கள். அன்றைக்கு அவ்வளவுதான் ஆபத்து. இன்றைக்கு விழுகிற பிள்ளை, பின்னால் என்ன வண்டி வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விழ வேண்டும்.

கழிஞ்சூர், தாராபடவேடு என்று எங்கள் பக்கம் ஏரிக்குக் குறைவில்லை. பேத்தியை விடிகாலையில் ஓர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறேன். முதலில் இரண்டு பெடலையும் கழற்றிவிட்டேன். (இடது பெடலுக்கு மரை தலைகீழ், தெரியாமல் திருகினால் இன்னும் இறுகும்.) இரண்டு காலும் தரையில் படுகிற மாதிரி சீட்டை இறக்கி, காலால் உந்திப் போகச் சொன்னேன். நான்காம் நாள் காலைத் தூக்கிக்கொண்டு பத்தடி தூரம் மிதந்தாள். அதற்குள் பின்னால் பைக்கில் வந்த ஒருவர் ஹாரன் அடிக்க, குழந்தை மிரண்டு வேலிக்காத்தான் புதரில் போய் விழுந்தாள். கையில் கீறல், முன் டியூபில் மூன்று ஓட்டை.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிதல்ல. ஏதாவது ஓர் ஏரிக்கரையில் சைக்கிள் பாதைக்கு இரண்டு கிலோமீட்டர் ஒதுக்குங்கள். மெதுவாக மிதித்தாலும் குழந்தைக்குக் கால் மணி நேர ஓட்டம்தான். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஓட்ட, எதிரே வருகிறவர் ஒதுங்க, பத்தடி அகலம் போதும். கிராவல் மண் கொட்டி ரோலர் ஓட்டினால் சரி. டைல்ஸ், அலங்கார வளைவு, செல்ஃபி பாயின்ட் எதுவும் வேண்டாம். தண்ணீர்ப் பக்கம் இடுப்பளவு வேலி போடுங்கள், ஓரத்து முள்ளை வேரோடு எடுங்கள். வெட்டி மட்டும் விட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு வரை பைக்கை விடாதீர்கள். எட்டுக்கு மேல் வேலூர் வெயிலில் யாரும் மிதிக்கப் போவதில்லை.

இது குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அரசுப் பள்ளிகளில் பிளஸ் 1 பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் தருகிறார்கள். ஓட்டத் தெரியாமல் அதை வீடு வரை தள்ளிக்கொண்டே போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். என் மருமகளுக்கும் கற்றுக்கொள்ள ஆசை. தெருவில் நாலு பேர் பார்க்க விழுவதற்குத்தான் வெட்கப்படுகிறாள்.

பாதை வந்தால் ஞாயிறுதோறும் பம்பும் பஞ்சர் டப்பாவும் எடுத்துக்கொண்டு நான் வந்து உட்காருகிறேன். கூலி வேண்டாம், டீ வாங்கித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய சைக்கிள் கடைக்காரன்,
காட்பாடி.