பழக் கேக் குறிப்பில் பழம் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ‘குட்டி பைனாப்பிள் கேக்’ என்று ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். படம் அழகாக இருந்தது, குறிப்பும் சுருக்கமாகத்தான் இருந்தது, ஆனால் தேவையான பொருள்களில் அன்னாசிப்பழத்தைக் காணோம். மைதா, சர்க்கரை, எண்ணெய், முட்டை, ஒரு டீஸ்பூன் பைனாப்பிள் எசென்ஸ், சில சொட்டு மஞ்சள் கலர், அவ்வளவுதான். லீவு நாளில் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் குறிப்பைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன, எங்கள் தெருவிலேயே இருக்கின்றன, அதனால்தான் இந்தக் கடிதம். பழத்தின் பெயரில் ஒரு குறிப்பு வந்தால் அதில் பழம் இருக்க வேண்டும், அந்தப் பழத்தை எப்படிப் பக்குவம் பண்ணுவது என்று நாலு வரியும் இருக்க வேண்டும்.

எசென்ஸ் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அனுமதிக்கப்பட்ட அளவில், நல்ல கம்பெனிச் சரக்காக வாங்கிப் போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அது பழம் இல்லை. வாழைப்பழ எசென்ஸின் வாசனைக்குக் காரணம் பெரும்பாலும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற ஒரே ஒரு பொருள்தான் (தேனீ கொட்டும்போது கூட்டத்தை உஷார்ப்படுத்த விடுகிற வாசனையிலும் முக்கியமாக இருப்பது இதேதான் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது). நிஜப் பழத்தில் இப்படி எத்தனையோ பொருள்கள் சேர்ந்துதான் அந்த மணம் வருகிறது. எசென்ஸ் கேக்கையே தின்று வளர்கிற பிள்ளைக்கு அந்த ஒற்றை வாசனைதான் வாழைப்பழம் என்று மனதில் பதிந்துவிடுகிறது, அப்புறம் நல்ல பழத்தைப் போட்டுக் கேக் செய்து கொடுத்தால் ‘இதுல ஒண்ணும் வாசனையே இல்லையே’ என்கிறது.

கலர் விஷயத்தில் நான் இன்னும் கறாராகத்தான் பேசுவேன். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்கிற துணிச் சாயம் இருப்பது தெரிந்து நம் மாநிலத்தில் பஞ்சுமிட்டாய் விற்பனையையே தடை செய்தார்கள். அதே வருஷம் கர்நாடகத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்த 235 கேக் மாதிரிகளில் 12-ல் செயற்கை நிறங்கள் ஆபத்தான அளவில் இருந்ததாக அறிவித்தார்கள். கடைக்காரரையாவது அதிகாரிகள் சோதிக்கிறார்கள், வீட்டில் ‘சில சொட்டு’ என்பதை யார் அளக்கிறது? ஒருவர் கை இரண்டு சொட்டு விடும், இன்னொருவர் கை படத்தில் இருக்கிற மஞ்சள் வருகிற வரைக்கும் விடும். அன்னாசி போட்ட கேக் வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கும், அதுதான் அதன் நிறம். படமும் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேக்கரியில் பழக் கேக் என்று வாங்குவதில் தெரிகிற சிவப்பு, பச்சை, மஞ்சள் டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கலர் ஏற்றியது. மேலே வைக்கிற செர்ரி பல நேரம் செர்ரியே இல்லை, நம் களாக்காய்தான். களாக்காயும் பப்பாளிக்காயும் நல்ல பொருள்கள், அவற்றின் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

சரி, குட்டிக் கேக்குக்கு வருகிறேன். பழம் போட்டுச் செய்வதற்குப் பெரிய கேக்கைவிடக் குட்டிக் கேக்தான் தோது, இதை உங்கள் குறிப்பில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். பழக்கூழில் தண்ணீர் அதிகம். அதை ஒரு கிலோ கேக்கில் கலந்தால் ஓரமெல்லாம் வெந்து காய்ந்து போயிருக்கும், நடுவில் கத்தியை விட்டால் களி மாதிரி ஒட்டும், இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் மேல்பக்கம் கருகும். சின்ன கப்பில் ஊற்றினால் எல்லாப் பக்கமும் சூடு சீக்கிரம் நடுவுக்குப் போய்விடுகிறது, 180 டிகிரியில் கால் மணி நேரம் போல ஆனால் போதும். நேரம் குறைவு என்பதால் பழத்தின் வாசனையும் அவ்வளவாக ஓடிப்போவதில்லை. பிள்ளைக்கு ஒன்று கொடுத்தால் ஒன்றோடு முடிந்தது, சர்க்கரையும் ஒரு கணக்குக்குள் நிற்கும்.

எங்கள் திண்டுக்கல்லில் சிறுமலைப் பழம் கிடைக்கும். சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல் கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைதான் வேண்டும் என்று ஏன் கேட்கிறார்கள்? சதையில் ஈரம் குறைவு, பிசைந்தால் தண்ணீர் விடாது, சீக்கிரம் கெடாது. கேக்குக்கும் அதே குணம்தான் வேண்டும். தோல் கறுத்துச் சுருங்க ஆரம்பித்த பழமாக எடுத்து மசித்தால் 150 கிராம் வர வேண்டும். அதில் 80 கிராம் நாட்டுச் சர்க்கரை, 60 கிராம் கடலை எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய், இரண்டு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி தயிர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாக அடித்துக்கொண்டு, 120 கிராம் மைதாவையும் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரையும் சலித்து மேலே போட்டு, மாவு மறைகிற வரைக்கும் மட்டும் கிளற வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூடச் சுற்றக் கூடாது, சுற்றினால் கேக் ரப்பராகிவிடும். பன்னிரண்டு சின்ன பேப்பர் கப்புக்குச் சரியாக இருக்கும், முக்கால் உயரத்துக்கு மேல் ஊற்றாமல் இருந்தால் போதும். ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் பஞ்சாமிர்த வாசனையே வந்துவிடும். வேறு ஊர்க்காரர்கள் பூவன் பழத்தில் செய்தால் தயிரை விட்டுவிடலாம், அதில் ஈரமும் புளிப்பும் ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் குறிப்பில் விட்டுப்போன அன்னாசிக்கு ஒரே ஒரு விதிதான். பச்சையாகப் போடக் கூடாது. அதில் ப்ரோமலைன் என்று ஒரு நொதி இருக்கிறது, அது புரதத்தை உடைக்கும், பாலிலோ க்ரீமிலோ பச்சை அன்னாசியைக் கலந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கும். அடுப்பில் வைத்துவிட்டால் அந்த நொதி செத்துவிடும். பொடியாக நறுக்கி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்த்து, விட்ட தண்ணீர் சுண்டுகிற வரைக்கும் வாணலியில் வதக்கி ஆறவைத்தால் மாவிலும் கலக்கலாம், மேலே க்ரீமோடும் வைக்கலாம். எசென்ஸ் பாட்டிலைத் திறப்பதைவிடப் பத்து நிமிஷம் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

திராட்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எழுதுவதில்லை. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, பக்கத்தில்தான் விளைகிறது, வருஷம் முழுக்க வருகிறது. விதை இருப்பதால் ‘கேக்குக்கு ஆகாது’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அரைக் கிலோ பழத்தைக் கழுவி, தண்ணீர் ஊற்றாமல் பாத்திரத்தில் போட்டுச் சின்னத் தீயில் வைத்தால் தானாகவே வெடித்து நீர் விடும். கரண்டியால் அமுக்கி, ஆறியதும் வடிகட்டியில் தேய்த்தால் விதையும் தோலும் நின்றுவிடும், கருஞ்சிவப்பாகச் சாறு இறங்கும். அதை மறுபடி அடுப்பில் ஏற்றி, கரண்டியில் ஒட்டி நிற்கிற பதம் வரைக்கும் காய்ச்ச வேண்டும், அப்போது வீடெல்லாம் மணக்கும். இங்கேதான் கவனம். இந்தச் சாறு கலந்த மாவில் ஆப்பச் சோடா போட்டால் கண் முன்னாலேயே நிறம் மாறிச் சாம்பலும் பச்சையுமாக ஆகிவிடும். கெட்டுப்போனது என்று பயந்து கொட்டிவிடுவார்கள், ஆனால் அது கெட்டதல்ல, திராட்சையின் நிறம் புளிப்பில் சிவக்கும், சோடா மாதிரிக் காரப் பொருளில் நீலமும் பச்சையுமாகும், அதன் இயல்பு அது. எனவே சோடாவைத் தொடாமல் பேக்கிங் பவுடர் மட்டும் போட்டு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட வேண்டும். அப்படியும் வெளிர் ஊதாதான் வரும். நல்ல சிவப்பு வேண்டும் என்கிறவர்கள் காய்ச்சிய சாற்றில் பாதியைத் தனியாக வைத்துக்கொண்டு, வெந்து ஆறிய குட்டிக் கேக்கின் நடுவில் ஒரு குச்சியால் துளை போட்டு அதை உள்ளே ஊற்றட்டும். கடித்ததும் உள்ளேயிருந்து வரும் அந்தச் சாற்றின் ருசிக்கு ஈடாக எந்தக் கலரையும் நான் சொல்ல மாட்டேன்.

மாம்பழம் நத்தம் பக்கத்திலிருந்து வந்து குவியும், கேக்கில் போட்டால் மட்டும் வாசனை காணாமல் போகிறது என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள். மாம்பழ வாசனை சூட்டில் சீக்கிரம் பறந்துவிடக்கூடியது. கூழைப் பாதியாகச் சுண்டவைத்து மாவில் சேர்த்தால் இனிப்பும் நிறமும் கிடைக்கும், வாசனைக்கு வெந்த பிறகு மேலே ஒரு ஸ்பூன் பச்சைக் கூழ் வைத்துவிட வேண்டும். கீழ்ப் பழனிமலைக் கமலா ஆரஞ்சு கிடைத்தால் சாற்றை நம்பாதீர்கள், வாசனை முழுக்கத் தோலில் இருக்கிற எண்ணெயில்தான். வெள்ளைப் பகுதி வராமல் மேல்தோலை மட்டும் துருவி, சர்க்கரையோடு சேர்த்து விரலால் கசக்கினால் சர்க்கரை ஈரமாகி மஞ்சளாகும், அதைப் போட்டால் போதும். கடையில் பளபளவென்று இருக்கிற வெளிநாட்டு ஆரஞ்சில் மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் தேய்த்துக் கழுவாமல் துருவக் கூடாது.

உங்கள் குறிப்பில் ‘ஓவனில் வைக்கவும்’ என்று முடித்துவிட்டீர்கள். எத்தனை வீட்டில் ஓவன் இருக்கிறது? நிறைய பேரிடம் இருப்பது சாதா மைக்ரோவேவ், அதில் கேக் வேகும், சிவக்காது. ஆனால் பணியாரக்கல் இல்லாத வீடு குறைவு. வாழைப்பழ மாவுக்கு அதைவிட நல்ல அச்சு வேண்டியதில்லை. பழகிய கல்லைச் சின்னத் தீயில் வைத்து, குழிக்குக் கொஞ்சம் வெண்ணெய் தடவி, முக்கால் குழி மாவு விட்டு மூட வேண்டும். மேலே ஈரப்பளபளப்பு அடங்கியதும் குச்சியால் ஓரத்தைச் சுற்றித் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் பொன்னிறமாக, உள்ளே பஞ்சாக வரும். தீ மட்டும் கூடக் கூடாது, பழச் சர்க்கரை சட்டென்று கருகும். கேஸ்கட்டைக் கழற்றிவிட்டுக் குக்கரில் உப்புக் கொட்டி வேகவைக்கச் சொல்கிறார்களே, தண்ணீர் இல்லாமல் குக்கரைக் காயவிடுவது குக்கருக்கு நல்லதல்ல, கனமான பழைய பாத்திரம் இருந்தால் அதில் செய்யட்டும்.

கடைசியாக அளவு. ‘ஒரு கப் மைதா’ என்று போடுகிறீர்கள். எந்தக் கப்? அளவுக் கப்பிலேயே தளர்வாக அள்ளினால் 120 கிராம், அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரும், காபி டம்ளரை எடுத்தவர் கதை வேறு. குழம்புக்கு இது பரவாயில்லை, கேக்குக்குப் பெரிய வித்தியாசம். கிராமில் போடுங்கள், சமையலறைத் தராசு இப்போது பல வீட்டில் இருக்கிறது. பேக்கிங் பவுடரும் ஆப்பச் சோடாவும் ஒன்று என்கிற மாதிரி ‘பேக்கிங் சோடா அல்லது பவுடர் 1 டீஸ்பூன்’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். சோடாவுக்கு வீரியம் பல மடங்கு அதிகம், அந்த அளவு போட்டால் சோப்பு வாடை வரும், புளிப்பு இல்லாத மாவில் வாயில் வைக்க முடியாது. இந்தக் குட்டிக் கேக்குகள் நம் வெயிலில் ஒரு நாளைக்கு மேல் வெளியில் தாங்காது, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் செய்து விற்க நினைக்கிறவர்களுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு அவசியம் என்று ஒரு வரி போட்டால் இன்னும் உபயோகமாக இருக்கும், பலருக்கு அது தெரியாமலே ஆர்டர் எடுக்கிறார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து அந்தந்த மாதம் சந்தைக்கு வருகிற பழத்தை வைத்து ஒரு குறிப்பு என்று ஆரம்பித்தால் என்ன? சீசனில் பண்ருட்டிப் பலா, அப்புறம் கொடைக்கானல் ப்ளம்ஸ், பேரிக்காய் என்று எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கு முன் அந்த அன்னாசிக் குறிப்பை ஒரு முறை பழத்தோடு திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
திண்டுக்கல் வாசகி