இளம் அறிஞர் விருதுக்குப் பெயர் அனுப்ப வேண்டியவர்கள் நாம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்க் கல்லூரிகளில் உருப்படியான ஆய்வு எதுவும் நடப்பதில்லை, நடந்திருந்தால் விருது வந்திருக்குமே என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆய்வு நடக்கிறது. செய்கிற பிள்ளைகளின் பெயரை எழுதி அனுப்ப வேண்டியவர்கள்தான் அனுப்புவதில்லை. அப்படி அனுப்பாமல் விட்டவர்களில் நானும் ஒருத்தி.

தமிழ் 2004இல் செம்மொழியாக அறிவிக்கப்பட்ட பிறகு, செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் வழியாகக் குடியரசுத் தலைவர் விருதுகள் வழங்கப்படுகின்றன. தொல்காப்பியர் விருதும் குறள் பீட விருதும் மூத்தவர்களுக்கு. அவற்றோடு இளம் அறிஞர் விருது என்று ஒன்று உண்டு. 30 வயதிலிருந்து 40 வயது வரை உள்ளவர்களுக்கு, ஆண்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 1 லட்சம் ரூபாய். கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தொகையே பெரிது. அதைவிடப் பெரிது, நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அவளை நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பது.

என்னிடம் முனைவர் பட்டம் செய்த மாணவி ஒருத்தியைச் சொல்கிறேன். வருசநாட்டுப் பக்கம் மலைமாடு மேய்ப்பவர்களோடு மூன்று கோடைக்காலம் நடந்தவள். காரி, செவலை, மயிலை, புல்லை என்று அவர்கள் மாட்டின் நிறத்துக்குச் சொல்லும் பெயர்களை, ஒவ்வொரு மாட்டையும் நேரில் பார்த்து எழுதிக்கொண்டு வருவாள். பிறகு கலித்தொகையை விரித்து வைத்துக்கொண்டு, முல்லைக்கலியில் ஏறு தழுவும் இடங்களில் வருகிற காரி, வெள்ளை, குரால் என்ற சொற்களோடு ஒப்பிடுவாள். எந்தச் சொல் அப்படியே நின்றிருக்கிறது, எது பொருள் மாறியது, எது வழக்கொழிந்தது என்று சொல்லுக்கு ஒரு பக்கம். உரையாசிரியர் ஒரு நிறத்துக்குக் கொடுத்த விளக்கத்தின் கீழே பென்சிலால் கோடிட்டு, “கீதாரி ஐயா இதை ஒப்பவில்லை” என்று எழுதியிருந்தாள். கீதாரி என்றால் மேய்ப்பர்களின் தலைவர். அந்த நோட்டை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. சாணமும் மழைத்துளியும் பட்டு அட்டை உப்பிப் போயிருக்கும்.

அவளுக்கு 36 வயதாக இருந்தபோது இளம் அறிஞர் விருதுக்குப் பெயர்களைக் கேட்டு எங்கள் கல்லூரிக்குச் சுற்றறிக்கை வந்தது. கல்லூரி அலுவலகத்திலிருந்து என் மேசைக்கு வந்து சேர்வதற்குள் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் மிச்சம். தேர்வுத்தாள் திருத்தும் நேரம். “நம்ம காலேஜ்க்கெல்லாம் எங்க மேடம் குடுக்கப் போறாங்க” என்றார் பக்கத்தில் இருந்தவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த ஆண்டு நிதானமாக எழுதலாம் என்று இழுப்பறையில் வைத்தேன். அடுத்த ஆண்டு அவள் மகப்பேறு விடுப்பில் இருந்தாள், கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அதற்கடுத்த ஆண்டுகள் எப்படிப் போயின என்று சொல்ல என்னிடம் காரணம்கூட இல்லை. அவளுக்கு 40 முடிந்தது. அவள் ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. எனக்காக எழுதுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்பது நம் பிள்ளைகளுக்கு வராது. கேட்காமலே எழுதியிருக்க வேண்டியவள் நான்.

எழுதினாலும் நாம் எழுதுகிற பரிந்துரைக் கடிதம் எப்படி இருக்கிறது? “இவர் நன்னடத்தை உடையவர், கடின உழைப்பாளி, ஆய்வில் மிகுந்த ஆர்வம் கொண்டவர்.” இந்த மூன்று வரியைப் பெயரை மட்டும் மாற்றி எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் மனம் வலிக்கிறது. இதைப் படிக்கிற தேர்வுக் குழுவுக்கு அந்தப் பெண் என்ன கண்டுபிடித்தாள் என்பது எப்படித் தெரியும்?

நல்ல பரிந்துரைக் கடிதம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1913 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வரவுசெலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் கணித மேதை இராமானுஜன். இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இராமானுஜனின் கணித ஆய்வுகளை அவரிடம் காட்டினார். மறுநாளே வாக்கர் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். அந்த இளைஞரை நான் பார்த்ததில்லை, அவர் எழுதியதை மட்டும் பார்த்தேன் என்கிறார். புதுமையில் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஆய்வாளருக்கு ஒப்பாக வைக்கலாம் என்கிறார். நிறுவலில் முழுமை போதவில்லை என்பதை மறைக்கவில்லை. இந்தக் கணிதப் பிரிவு என் துறையல்ல என்றும் ஒப்புக்கொள்கிறார். பிழைப்பைப் பற்றிய கவலை இல்லாமல் சில ஆண்டுகள் முழுநேரமும் கணிதம் செய்ய இவருக்குப் பல்கலைக்கழகம் வழி செய்யலாம் என்று, கேட்க வேண்டியதை நேராகக் கேட்டு முடிக்கிறார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. ஒரு பக்கம்கூட வராத கடிதம் அது. பரிந்துரை எழுதும் ஒவ்வோர் ஆசிரியரும் ஒருமுறை அதைப் படிக்க வேண்டும்.

அந்த இராமானுஜன் பெயரில் கும்பகோணத்தில் சாஸ்திரா பல்கலைக்கழகம் 2005 முதல் இளம் கணித அறிஞர்களுக்கு ஒரு பரிசு தருகிறது. அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகள், ஆகவே வயது வரம்பும் 32. மஞ்சுள் பார்கவா 2005இலும், அக்‌ஷய் வெங்கடேஷ் 2008இலும், மரினா வியாசோவ்ஸ்கா 2017இலும் அதைப் பெற்றார்கள். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் மூவருக்கும் கிடைத்தது பின்னால்தான், முறையே 2014, 2018, 2022இல். உலகம் கொண்டாடுவதற்கு முன்பே இவர்களின் வேலையைப் படித்து, இன்னது செய்திருக்கிறார் என்று எடுத்துச் சொல்லச் சிலர் இருந்திருக்கிறார்கள்.

தமிழில் அப்படிச் சொல்ல ஆளில்லையா, சொல்லும்படி எதுவும் இல்லையா? 2006இல் எங்கள் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது மாடுகளைக் கவர்ந்த பூசலில், இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்டது. தொல்காப்பியர் வெட்சித் திணையில் சொன்ன அதே ‘ஆகோள்’ கல்லில் வெட்டியிருக்கிறது. அதுவரை நாங்கள் வகுப்பில் ‘ஆநிரை கவர்தல்’ என்று உரை சொல்லிக் கடந்துபோன சொல். ஊர் ஊராக நடந்து அதைக் கண்டுபிடித்தவர்கள் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள். இப்படி அலைகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

வயது வரம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வாளர்களுக்குத் தரும் இன்ஃபோசிஸ் பரிசுக்கு 50ஆக இருந்த வரம்பை 2024இல் 40ஆகக் குறைத்துவிட்டார்கள். இளையவர்களுக்குக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் 30க்கும் 40க்கும் இடையில்தான் நம் பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள், மாமனார் மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், கணவரின் பணிமாற்றத்தோடு ஊர் மாறுகிறார்கள். ஒரு பிரசவத்துக்கு இரண்டு ஆண்டு வீதம் வயதைத் தளர்த்தினால் என்ன குறைந்துவிடும்? செம்மொழி நிறுவனம் இதை முதலில் செய்து காட்டலாம்.

பணியில் இருக்கும் துறைத்தலைவர்களுக்கு என் வேண்டுகோள்: சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கோடை விடுமுறையில் ஒருநாள் உட்கார்ந்து, உங்களிடம் படித்தவர்களில் 40ஐ எட்டாதவர்கள் யார் யார் என்று எழுதிப் பாருங்கள். நிரந்தரப் பணியில் இல்லாதவர்களை முதலில் எழுதுங்கள், அவர்களுக்காகப் பேச வேறு யாரும் இல்லை. அவர்கள் எழுதியதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, படித்ததைக் கடிதமாக்குங்கள்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். விருது வாங்கியவர்களின் படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள், மகிழ்ச்சி. பெயர்களை அனுப்பச் சொல்லி அறிவிப்பு வரும் நாளில், கடைசித் தேதியோடு அதையும் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள். கல்லூரி அலுவலகத்தில் தாள் தேங்கிக் கிடந்தாலும், காலையில் காபியோடு பேப்பர் படிக்கிற ஆசிரியர் ஒருவராவது பார்ப்பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியை,
பெரியகுளம்.