வீராணத்தில் வண்டலை எங்கே எடுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீராணம் ஏரியின் முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1.465 டி.எம்.சி. என்றே இன்றும் செய்தி வருகிறது. மட்டம் சரி, அதற்குள் வண்டல் எவ்வளவு? மழைக்காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மேட்டு நிலத்து மண்ணைக் கரைத்து வந்து மேற்குப் பக்கம் கொட்டுகின்றன. அங்கே முதலில் மேடு தட்டும், பிறகு கருவேலம் முளைக்கும், அப்புறம் ஏர் இறங்கும்.

தண்ணீர் சென்னைக்குப் போகிறதே என்ற மனக்குறை ஊர்களில் உண்டு, மறைப்பானேன். அதற்காக ஏரியைக் கைகழுவ, அதன் பாசனத்தை நம்பியிருக்கும் ஆயக்கட்டுக்காரர் யாரும் தயாரில்லை. 2024 முதல் வட்டாட்சியரே வண்டல் எடுக்க அனுமதி தருவது நல்ல மாற்றம்தான். கோளாறு எடுக்கும் விதத்தில். டிப்பர் வந்து திரும்ப வசதியென்று கரையை ஒட்டித் தோண்டினால் கரையடி பலமிழந்து கசிவு எடுக்கும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அங்கே நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறவே ஏறாது. வயலுக்கு ஆவது மேலே படிந்த வண்டல் மட்டும். அதற்கும் கீழே வெட்டுகிற லோடு எந்தச் செங்கல் சூளைக்குப் போகிறது என்று ஊருக்கே தெரியும்.

எனவே அனுமதிச் சீட்டு கொடுக்கும்போதே, இடத்தையும் ஆழத்தையும் கல் நட்டுக் காட்ட வேண்டும். கரையோரத்தை விட்டு, ஓடைகள் வந்து விழும் இடத்தில் வேலையைத் தொடங்கலாம். கீழணையிலிருந்து வடவாற்று வழியே ஏரிக்குத் தண்ணீர் விடும் முன்பே அதை முடித்தாக வேண்டும்.

- ஆயக்கட்டு விவசாயிகள் சிலர்,
காட்டுமன்னார்கோவில் வட்டம்