வாலைப் பார்த்து போர்டு வாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கட்டும் டிரைகாப்டருக்கு, அதாவது மூன்று விசிறி ட்ரோனுக்கு, மூளையாக இருக்கப்போகிற ஃப்ளைட் கன்ட்ரோலர் என்று நீ அனுப்பிய மூன்று போர்டுகளின் படத்தையும் பார்த்தேன். "இதுல எதும்மா வாங்கறது?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை முழுசாகப் படித்துவிடு.

மூன்றும் நல்ல போர்டுகள்தான். ஆனால் நீ தேடிய விதம் நாலு விசிறி ட்ரோன் கட்டுகிறவர்கள் தேடுகிற விதம். எந்த ப்ராசசர், சுழற்சியை உணரும் ஜைரோ எது, மோட்டாருக்கு மின்சாரம் அளந்து கொடுக்கும் இஎஸ்சி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று மேலிருந்து கீழே வந்திருக்கிறாய். டிரைகாப்டருக்கு வாலில் இருந்து தொடங்க வேண்டும்.

நாலு விசிறியில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றும். ஒன்றின் திருப்பு விசையை இன்னொன்று கழித்துவிடும். மூன்று விசிறியில் அப்படி ஜோடி சேராது, ஒன்று எப்போதும் மிச்சம். அந்த மிச்சம் சட்டகத்தையே சுற்றிவிடப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் பின்கை மோட்டாரை ஒரு சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தரையை விட்டுக் கிளம்பியதில் இருந்து இறங்கும்வரை அந்த சர்வோவுக்கு ஓய்வே கிடையாது. ஆக, உன் ஃப்ளைட் கன்ட்ரோலர் ஓட்ட வேண்டியது மூன்று மோட்டார், ஒரு சர்வோ.

"நாலாவது மோட்டார் இருக்கிற இடத்தில் சர்வோவை மாட்டினால் போச்சு" என்றுதானே நினைக்கிறாய்? எங்கள் லேபில் பிராஜெக்ட் செய்ய வந்த பிள்ளைகளும் அப்படித்தான் நினைப்பார்கள். சிக்கல் சிப்புக்குள் இருக்கிறது. இப்போது இஎஸ்சிக்குக் கட்டளை அனுப்ப எல்லோரும் டிஷாட் என்ற டிஜிட்டல் சிக்னலைத்தான் வைக்கிறார்கள். டிஷாட்600 என்றால் நொடிக்கு 6 லட்சம் பிட். சாதாரண சர்வோவுக்கோ 20 மில்லி செகண்டுக்கு ஒரு துடிப்பு போதும். அந்தத் துடிப்பின் அகலம் 1 மில்லி செகண்டா, 2 மில்லி செகண்டா, நடுவில் எங்கே என்பதை வைத்துத்தான் அது கோணத்தைத் தெரிந்துகொள்கிறது. இந்த இரண்டு சிக்னலையும் உண்டாக்குவது சிப்பில் இருக்கும் டைமர்கள். ஒரு டைமரில் பல சேனல் இருக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் காலக்கணக்கு ஒன்றுதான். ஒரே மிருதங்கக்காரரை வைத்துக்கொண்டு ஒருத்தி ஆதி தாளத்திலும் இன்னொருத்தி ரூபகத்திலும் ஆட முடியுமா? அதே கதைதான். சர்வோ வரும் பேடும் (வயரைப் பற்றவைக்கும் உலோகப் புள்ளி) மோட்டார் வரும் பேடும் ஒரே டைமரில் இருந்தால் இரண்டில் ஒன்று வேலை செய்யாது.

விற்கிறவர்கள் இதை விளம்பரத்தில் போடமாட்டார்கள். போர்டு கையில் இருந்தால் பீட்டாஃப்ளைட் என்ற ஃபர்ம்வேரின் (போர்டுக்குள் ஓடும் மென்பொருளின்) கமாண்ட் பகுதியில் 'டைமர் ஷோ' என்று அடித்துப் பார்க்கலாம், எந்தக் கால் எந்த டைமரில் இருக்கிறது என்று பட்டியல் வரும். கையில் இல்லாதபோது எந்தக் கால் எதற்கு என்று காட்டும் தயாரிப்பாளரின் பின்அவுட் படத்தையும், ஆர்டுபைலட் என்ற இன்னொரு ஃபர்ம்வேரின் தளத்தில் அந்த போர்டுக்கான பக்கத்தையும் பார். அங்கே வெளியீடுகளைக் குழு குழுவாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். ஒரு குழுவில் ஒன்று டிஷாட் என்றால் அந்தக் குழு முழுக்க டிஷாட்தான்.

சரி, இனி உன் மூன்று போர்டுகள்.

முதலாவது, எஃப்411 சிப் வைத்த, இஎஸ்சியும் சேர்ந்தே வரும் அந்தக் குட்டி போர்டு. விலை ஆசை காட்டுகிறது, புரிகிறது. ஆனால் அதில் நாலு மோட்டார் சிக்னலும் போர்டுக்குள்ளேயே இஎஸ்சிக்குப் போய்விடும், நாலாவதை வெளியே எடுக்க வழியில்லை. வெளியே மிஞ்சுவது எல்இடி பேடு. பெரும்பாலும் அது தனி டைமரில் இருக்கும் என்பதால் 'ரிசோர்ஸ்' கட்டளையில் அதை சர்வோ 1 என்று மாற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. நாலு சுற்று பறக்கவிட்டால் போதும் என்றால் அதுவே தாராளம். நீ கேட்பது நின்று நிதானமாக வீடியோ எடுக்க, சிக்னல் போனால் தானாக வீடு திரும்ப. அதற்கு ஜிபிஎஸ் வைத்துப் பறக்கத் தெரிந்த ஐநாவ் அல்லது ஆர்டுபைலட் ஃபர்ம்வேர்தான் நல்லது. எஃப்411-இல் நிரலை வைக்கும் ஃப்ளாஷ் நினைவகம் 512 கேபிதான். ஐநாவ் தன் 7-ஆம் பதிப்போடு அந்தச் சிப்பைக் கைவிட்டுவிட்டது. இனி வருகிற திருத்தம் எதுவும் உனக்குக் கிடைக்காது. வேண்டாம்.

இரண்டாவது, ரேஸ்காரர்கள் வாங்கும் எஃப்405 அடுக்கு, கன்ட்ரோலரும் இஎஸ்சியும் இரண்டு போர்டாக ஒன்றன்மேல் ஒன்று. சிப் 168 மெகாஹெர்ட்ஸ், ஃப்ளாஷ் 1 எம்பி, இந்த வேலைக்குப் போதும். பீட்டாஃப்ளைட்டோடுதான் இருப்பேன் என்றால் இதையே வாங்கலாம். ஆனால் ஒன்று கவனி: 4.4 பதிப்பில் இருந்து அவர்கள் ஃபர்ம்வேரை நீ கேட்கிற வசதிகளோடு மட்டும் தயாரித்துத் தருகிறார்கள். 'சர்வோஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் அந்த நிரலே உள்ளே வராது. அப்புறம் வயரைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

மூன்றாவதுக்குப் பக்கத்தில் "இது ஏரோப்ளேனுக்கு, தப்பா சேர்ந்துடுச்சு" என்று எழுதியிருந்தாய் பார், அதைத்தான் வாங்கச் சொல்கிறேன். அதே எஃப்405 சிப்தான், ஆனால் 'விங்' போர்டு. விமானத்தில் சர்வோக்கள்தான் அதிகம் என்பதால் அந்த போர்டைச் செய்கிறவர்கள் சர்வோவை மனதில் வைத்தே செய்கிறார்கள். வெளியீடுகள் நிறைய, அவை பல டைமர்களில் பரவியிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், சர்வோ வரிசைக்கென்று தனி 5 அல்லது 6 வோல்ட் சப்ளை.

இந்த சப்ளை விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். லேபில் ஒரு குழு நன்றாகவே கட்டியிருந்தார்கள். பறந்துகொண்டிருந்த வண்டி திடீரென்று கல் மாதிரி விழுந்தது. இரண்டு நாள் ஃபர்ம்வேரைக் குடைந்தார்கள். கடைசியில் சர்வோவின் கொம்பை, அதாவது அதன் சுழலும் கையை, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ரிமோட் ஸ்டிக்கைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். போர்டின் விளக்கு ஒரு நொடி அணைந்து திரும்ப எரிந்தது. கொம்பு சட்டகத்தில் உரசி மாட்டியபோது சர்வோ கரண்டை இழுத்திருக்கிறது, அதே 5 வோல்ட்டில் இருந்த கன்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஆகாயத்தில் ஒரு ரீஸ்டார்ட் போதாதா? மெட்டல் கியர் டிஜிட்டல் சர்வோ வாங்கச் சொன்னேனே, அது இழுக்கும்போது ஒரு ஆம்பியரைத் தாண்டிப் போகும். இரண்டாவது போர்டையே வாங்குவதாக இருந்தால் சர்வோவுக்குத் தனியாக ஒரு பெக் (பேட்டரி வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சின்ன சர்க்யூட்) போட்டு, தரை வயரை (கிரவுண்ட்) மட்டும் போர்டோடு சேர்த்துவிடு.

பழைய ஆட்கள் இதை யோசிக்காமல் இல்லை. நம் வீட்டு மேஜை இழுப்பறையில் திரையும் நாலு பட்டனும் உள்ள ஒரு கேகே2 போர்டு கிடக்கிறதே, நார்வேக்காரர் ரால்ஃப் பாக்கே உருவாக்கியது, அதில் முதல் வெளியீட்டின் மின்வரிசை போர்டுக்கு, மற்றவற்றின் வரிசை தனி. கம்ப்யூட்டரே இல்லாமல் திரையில் டிரைகாப்டர் என்று தேர்ந்தெடுத்தால் நாலாவது வெளியீடு சர்வோவாகிவிடும். ஜிபிஎஸ் கிடையாது, அதனால் உனக்கு ஆகாது. இன்னொரு சங்கதி: ஐநாவ், பீட்டாஃப்ளைட் இரண்டுக்குமே மூதாதையான மல்டிவீ, 2010-இல் அலெக்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் ஜைரோவை ஆர்டுயினோ என்ற சின்ன போர்டில் மாட்டிப் பறக்கவிட்ட ஒரு டிரைகாப்டரில் தொடங்கியது. டிரைகாப்டரில் இருந்து பிறந்த ஃபர்ம்வேர்களில் இன்று டிரைகாப்டர் ஒரு மூலையில் கிடக்கிறது.

விங் போர்டில் ஆர்டுபைலட்டை ஏற்று. ஃப்ரேம் கிளாஸ் என்ற செட்டிங்கில் 7 என்றால் டிரைகாப்டர். முன் வலது மோட்டார் 1, முன் இடது 2, பின்னால் இருப்பது 4, சர்வோ 7. மூன்று என்ற எண்ணையே காணோமே என்று குழம்பாதே, அது அப்படித்தான். ஏழாவது வெளியீடு வசதியாக இல்லையென்றால் வேறு எந்த வெளியீட்டுக்கும் 39 என்ற ஃபங்ஷனைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். சர்வோ எத்தனை டிகிரி சாயலாம் என்பதற்கும் ஒரு பாராமீட்டர் உண்டு, இயல்பாக 30 இருக்கும். உன் பின்கை எவ்வளவு சாய்கிறது என்று அளந்து அதைப் போடு. 1 எம்பி சிப் என்பதால் ஆர்டுபைலட்டில் சில வசதிகளை வெட்டியிருப்பார்கள், பட்டியலை ஒரு பார்வை பார்த்துக்கொள். 480 மெகாஹெர்ட்ஸ் ஹெச்743 சிப்புக்குப் போகலாமா என்று கேட்பாய். காசு இருந்தால் போ, ஆனால் வீடியோ எடுக்க அது தேவையில்லை. அந்தக் காசில் நல்ல சர்வோ வாங்கு. ஜைரோ எந்த மாடல் என்பதற்கும் அவ்வளவு அலட்டிக்கொள்ளாதே. காற்றழுத்தத்தை வைத்து உயரம் அறியும் பாரோமீட்டர் மேல் ஒரு துண்டு ஸ்பான்ஜ், திசைகாட்டி பவர் வயரில் இருந்து எட்டத்தில், இது இரண்டும் இருந்தால் போதும்.

எல்லாம் மாட்டியதும் விசிறிகளைக் கழற்றிவிட்டு இதைச் செய். வண்டிக்குப் பின்னால் நின்று, கையில் தூக்கிப் பிடித்து, மூக்கை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பு. அப்போது வால் இடப்பக்கம் போகும். அதை இழுத்துப் பிடிக்க, பின் மோட்டாரின் தலை வலப்பக்கம் சாய வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் சர்வோ தலைகீழாக இருக்கிறது, செட்டிங்கில் திருப்பிப் போடு. திருப்பாமல் கிளப்பினால் வண்டி பம்பரமாகிவிடும், ஸ்டிக்கால் காப்பாற்ற முடியாது. கழற்றச் சொன்னேனே விசிறி, அதை மறக்காதே. அப்பா உன் விரல்களை நினைத்தே பாதி நாள் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் பெங்களூரில் எச்ஏஎல் விமான நிலையம் ஒரு பக்கம், எலகங்கா விமானப்படைத் தளம் ஒரு பக்கம், ஜக்கூர் ஒரு பக்கம் என்று ஓடுதளமாக இருக்கிறது. அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் பச்சையா என்று பார்த்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வந்தால் இன்னும் நல்லது, நாமே இடம் பார்த்துக்கொள்ளலாம்.

போர்டு வந்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. பேடுகளின் எழுத்து தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில்.

அன்புடன்,
அம்மா