டிசம்பர் 25: ஆஸ்திரேலியா போன பிள்ளைகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் வந்தால் பத்திரிகைகளில் பனியும் கம்பளிக் குல்லாயும்தான் படமாக வருகின்றன. ஆஸ்திரேலியாவில் படிக்கவும் வேலை பார்க்கவும் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கோ அந்த நாள் நடுக்கோடையில் வருகிறது. மெல்பர்னில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. பொழுது சாய இரவு எட்டே முக்கால் ஆகும். கல்லூரி விடுமுறை. அறையில் உடனிருந்தவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். டிக்கெட் விலைக்குப் பயந்து தங்கிவிட்ட பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு நூடுல்ஸ் கிளறிச் சாப்பிடும். அப்படி ஒரு நாள் யாருக்கும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

குடும்பம் பக்கத்தில் இல்லாதவர்கள் அன்று ஒரு வீட்டிலோ பூங்காவிலோ கூடிச் சாப்பிடுவது அங்கே வழக்கம். ‘ஆர்ஃபன்ஸ் கிறிஸ்துமஸ்’ என்பார்கள். அநாதை என்ற சொல்லைக் கேட்டு மனம் சுருங்க வேண்டாம், அன்போடு சொல்வதுதான். ‘நாம் கிறிஸ்தவர்கள் இல்லையே’ என்று தயங்கவும் வேண்டாம். 2021 கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்களில் 38.9 சதவீதம் பேர் தங்களுக்கு மதம் இல்லை என்று பதிந்திருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அது சாப்பாட்டு நாள், அவ்வளவே. உடன் வேலை செய்பவரோ வீட்டுக்காரரோ கூப்பிட்டால் மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று எண்ணி மறுத்துவிடாதீர்கள். மறுத்தால், வேறு இடம் இருக்கிறது போல என்று விட்டுவிடுவார்கள். நம் ஊர்போல மூன்று முறை வற்புறுத்த மாட்டார்கள்.

அழைப்பில் ‘பிரிங் எ பிளேட்’ என்று இருக்கும். காலித் தட்டோடு போய் நிற்காதீர்கள். எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது ஓர் உணவு கொண்டுவாருங்கள் என்று பொருள். எலுமிச்சை சாதம், மசால் வடை, காரம் குறைத்த உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் முதலில் காலியாகும். முந்திரி, வேர்க்கடலை போட்டிருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கடலை ஒவ்வாமை அங்கே உயிருக்கு ஆபத்தான விஷயம். ‘பி.ஒய்.ஓ.’ என்றிருந்தால் குடிக்க வேண்டியதை நீங்களே எடுத்துப் போக வேண்டும். சீட்டு எடுத்துப் பரிசு தரும் ‘கிரிஸ் கிரிங்கிள்’ இருந்தால், 20 டாலர் என்று வரம்பு சொன்னால் அதற்குள்ளேயே வாங்குங்கள். கூடுதலாகச் செலவழித்தால் மற்றவர்களுக்குத்தான் சங்கடம்.

25ஆம் தேதி பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் திறக்காது. 24ஆம் தேதி மாலை பால், கொத்தமல்லி, ரொட்டிக்கு முண்டியடிக்க வேண்டியிருக்கும். மளிகையை 22க்குள் முடித்துவிடுவது நல்லது. தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் வாங்கிவிடுங்கள். வெப்ப நாட்களில் ஐஸ் மூட்டைதான் முதலில் தீரும். இரண்டு நாள் முன்னதாகவே தண்ணீர் பாட்டில்களை முக்கால்வாசி நிரப்பி ஃப்ரீஸரில் போட்டுவையுங்கள். மெல்பர்னில் அன்று ரயில், டிராம், பஸ் எல்லாம் இலவசம். ஆனால் வண்டிகள் குறைவு, நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

விருந்தை நீங்களே நடத்துவதானால் பூங்காவே போதும். பல பூங்காக்களில் நகரசபை வைத்த மின்சார பார்பிக்யூ உண்டு, இலவசம். பொத்தானை அமுக்கினால் தட்டு மெல்லச் சூடாகும். சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், மறுபடி அமுக்க வேண்டும். இந்தச் சூடு நம் தந்தூர் அடுப்பு மாதிரி இராது. எலும்போடு கோழிக்காலை வைத்தால் வெளியே கருகி உள்ளே சிவந்து நிற்கும். எலும்பில்லாத தொடைக்கறியை விரல் கனத்துக்கு நறுக்குங்கள். தயிர் மசாலாவில் ஊறவைத்திருந்தால் அதை வழித்துவிட்டு எண்ணெய் தடவிப் போடுங்கள். வழிக்காவிட்டால் மசாலா தட்டில் ஒட்டிக் கரியும். சைவர்கள் அலுமினியத் தாளை விரித்து அதன்மேல் பன்னீரும் சோளக்கதிரும் சுடலாம். முடிந்ததும் தட்டைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் போவது கட்டாய மரியாதை.

கரி அடுப்பு மூட்டுவதில் எச்சரிக்கை தேவை. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் முழுத் தீத்தடை (‘டோட்டல் ஃபயர் பேன்’) அறிவித்த நாளில் கரியோ விறகோ திறந்தவெளியில் மூட்டினால் குற்றம். கேஸ், மின்சார அடுப்புக்கும் சுற்றி மூன்று மீட்டருக்கு எரியும் பொருள் இருக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயோ குறைந்தது 10 லிட்டர் தண்ணீரோ பக்கத்தில் வேண்டும். வயதுவந்த ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். மற்ற மாநிலங்களில் விதி வேறு. முந்தின மாலையே பார்த்துவிடுங்கள்.

வெந்த இறால், கோழி, பால் சேர்ந்தவை 5 டிகிரிக்குக் கீழே ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம். அப்போதே சாப்பிட்டு முடியுங்கள். நாலு மணி நேரமானால் குப்பைக்குத்தான்.

இனிப்புக்குப் பாவ்லோவா. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து அவனில் சுடுவது. வெள்ளைக்கரு 4, நைஸான ‘காஸ்டர்’ சர்க்கரை 220 கிராம், சோளமாவு 2 தேக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி. பாத்திரத்தில் துளி எண்ணெயோ மஞ்சள் கருவோ இருந்தால் நுரை எழும்பாது. நுரை மென்மையாக நின்ற பிறகு சர்க்கரையை ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு அடியுங்கள். இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்; மணல் போல நெறுநெறுத்தால் இன்னும் கரையவில்லை. அப்படியே வைத்தால் பின்னால் பாகு கசியும். மாவும் வினிகரும் கடைசியில். 120 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். நடுவில் கதவைத் திறக்காதீர்கள். அணைத்தபின் கதவை லேசாகத் திறந்து உள்ளேயே ஆறவிடுங்கள். சட்டென்று குளிர்ந்தால் வெடித்துச் சரியும். கிரீமும் ஸ்ட்ராபெர்ரியும் பரிமாறும் நேரத்தில்தான். முட்டை ஆகாதவர்களுக்கு மாம்பழம் போதும். டிசம்பரில் அங்கே மாம்பழ காலம்.

கடற்கரைக்குப் போனால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். நீச்சல் தெரியும் என்ற தைரியம் உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் உதவாது. எதிர்த்து நீந்தாமல் மிதந்து கையை உயர்த்துங்கள். சன்ஸ்கிரீன் உடம்புக்கு மொத்தம் 7 தேக்கரண்டி, வெளியே கிளம்ப 20 நிமிடம் முன்பு; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. கறுத்த தோலுக்குத் தேவையில்லை என்பது தவறு.

பெற்றோருக்கு ஒன்று. அன்று மெல்பர்ன், சிட்னி நேரம் இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே. பெர்த் இரண்டரை மணி. காலை ஏழுக்கு நீங்கள் போன் செய்தால் மெல்பர்னில் பந்தி போடும் பன்னிரண்டரை. பத்து மணிக்குக் கூப்பிடுங்கள், பெர்த்துக்கு ஒரு மணிக்கு. சாப்பிட்டு முடித்து நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். சுற்றியிருப்பவர்களையும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.

இக்கடிதத்தை டிசம்பர் முதல் வாரத்திலேயே வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மெல்பர்ன் வாசகர்கள்